கிண்ணத்தில் ஒரு ருசி, சட்டியில் ஒரு ருசி

வீட்டு அடுப்பு மருமகள் கைக்கு வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் சாப்பாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. மாமனார் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். கணவன் செல்போனைப் பார்த்தபடியே விழுங்கிவிடுவான். மாமியார் மட்டும் தட்டைக் கழுவி வைத்ததுபோல் காலி செய்துவிட்டு எழுந்து போவாள்.

அதுதான் மருமகளுக்கு உறுத்தியது.

மாமியார் சாதாரணக் கை அல்ல. பெரிய மருத்துவமனையின் சமையலறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். சில மாதங்களுக்கு முன்புதான் தலைமைச் சமையற்காரி ஆனாள். அங்கே எல்லோருக்கும் அவள் பெரியக்கா. பதவி வந்த மறுநாளே, "இனிமே வீட்டு அடுப்பு உன்னுதும்மா. எனக்கு ரெண்டு இடத்துல நின்னு கிளற கை இல்லை" என்று கரண்டியை மருமகளிடம் நீட்டிவிட்டாள்.

ஹாஸ்டலிலேயே வளர்ந்த மருமகளுக்கு முட்டை வேகவைக்க மட்டும்தான் தெரியும். முதல் வாரம் சோறு களியானது. அடுத்த வாரம் அடிப்பிடித்தது. அடுப்பை அணைத்த பிறகும் மூடியைத் திறக்காமல் விட்டால் மிச்ச வேலையை ஆவி பார்த்துக்கொள்ளும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். வெங்காயத்தை அவசரப்படுத்தினால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். எண்ணெய் காயும் முன்னால் மீனைப் போட்டால் மீன் கடாயை விட்டு வராது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாத்திரம் பலியானது. ஆனாலும் கற்றுக்கொண்டாள்.

உப்பு மட்டும் வசப்படவில்லை.

காலையில் ருசி பார்க்கும்போது சரியாக இருக்கும். இரவு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு நாள் உப்புக் கரிக்கும், மறுநாள் கழுநீர் மாதிரி இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை கணவனின் நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். கோழியை வாயில் வைத்த ஒருவர் அதைத் துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் கண் கலங்கிப்போனார். அப்போது மாமியார் தன் தட்டைப் பார்த்தபடி அமைதியாகச் சொன்னாள்: "நல்லாத்தானே இருக்கு."

அந்த இரண்டு சொல்லும் குத்தலாக வந்தன என்று மருமகள் நினைத்தாள். அன்று இரவு முழுக்க அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறவள். எரிந்துபோன கடையும், மோதிய காரும் உண்மையிலேயே எரிந்ததா, உண்மையிலேயே மோதியதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் வீட்டுக்குள் சும்மா இருப்பாளா?

இன்று காலை கோழியும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதிக்கவிட்டாள். உப்புப் போட்டு ருசி பார்த்தாள். சரியாக இருந்தது. சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து மூடி, ஃப்ரிட்ஜில் முட்டைகோஸுக்குப் பின்னால் ஒளித்தாள். கிண்ணத்தில் இருப்பது அவள் சமைத்தது. சட்டியில் மாறினால், அது வேறு யாரோ செய்தது.

வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு, "வர்றேன் மாமா" என்று சொல்லிக் கிளம்பினாள். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார். அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பேச்சை மிச்சம் பிடிக்கிற மனிதர்.

ஆபீசில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மதியம் திரும்பியவள், முன்வாசல் பக்கம் போகவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர்கள் ஏறி வரும் பின்பக்க இரும்புப் படிக்கட்டில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். துணி துவைக்கும் இடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒண்டி நின்றால், உலர்கிற போர்வையின் இடுக்கு வழியாக அடுப்பு தெரியும்.

நிற்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. சொந்த வீட்டில் திருடி மாதிரி. ஆனால் போகவும் மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசல் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. காலை வேலை முடிந்து மாமியார் வந்துவிட்டாள். பையை வைத்தாள், கை கழுவினாள், நேராக வந்து சட்டி இருந்த அடுப்பைப் பற்றவைத்தாள். சூடு ஏறியதும் மூடியைத் திறந்து, கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதிக் குடித்தாள்.

உதட்டைப் பிதுக்கினாள். இன்னொரு கரண்டி குடித்தாள். பிறகு திரும்பி முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் உப்பு டப்பாவைத் திறந்து, ஒரு கை அள்ளிப் போட்டுக் கிளறினாள்.

மருமகளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதெல்லாம் இதற்காகவா? போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே போக ஒரு காலை எடுத்து வைத்தாள்.

வைத்த கால் அப்படியே நின்றது.

மாமியார் இன்னும் டப்பாவை மூடவில்லை. ஒரு சிட்டிகை உப்பை வெறும் நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் கேட்க முயல்கிறவள்போல் நின்றாள். அப்புறம் இன்னொரு சிட்டிகை. அப்புறம் தட்டில் இருந்த பச்சை மிளகாயை எடுத்துப் பாதி வரை கடித்து மென்றாள். கண்ணில் நீர் வந்தது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு பல் பூண்டை நசுக்கி மூக்கருகே பிடித்தாள். மூச்சை இழுத்தாள், மறுபடியும் இழுத்தாள். பிறகு பூண்டைக் குப்பையில் போட்டுவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டாள்.

வெளியே நின்றவளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் வேறு ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் மாமனார் சமையலறைக்குள் வந்தார். பூனை நடை. சட்டியைத் திறந்து ருசி பார்த்தார். முகம் சுருங்கியது. கெட்டிலில் இருந்த வெந்நீரை ஊற்றினார். ஒரு உருளைக்கிழங்கை அவசரமாகத் தோல் சீவி, துண்டு போட்டு உள்ளே தள்ளினார். இதையெல்லாம் தினமும் செய்து பழகிய கை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"மாமா."

கரண்டி அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. போர்வைக்குப் பின்னாலிருந்து வந்த மருமகளைப் பார்த்ததும் முதலில் குளியலறைப் பக்கம் திரும்பினார். பிறகு உதட்டில் விரலை வைத்தார்.

"எல்லாத்தையும் பாத்துட்டேன் மாமா."

"மெதுவா பேசும்மா."

"அத்தைக்கு என்ன ஆச்சு?"

அவர் அடுப்பைச் சின்னதாக வைத்தார். "அந்தக் காய்ச்சல் வந்து எழுந்தாளே, அதுலேர்ந்து. புது சோப்புல வாசனையே இல்லைன்னு கடைக்காரனோட சண்டைக்குப் போனா. எனக்கு வாசனை நல்லாவே வந்துது. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லை. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"அதுக்கு என் சட்டியில ஏன் மாமா உப்பைப் போடணும்? நான் என்ன பண்ணேன்?"

மாமனார் அவளை வியப்பாகப் பார்த்தார். "நீ உப்புப் போட மறந்துட்டேன்னு நினைச்சுக்கறாம்மா. ராத்திரி எல்லார் முன்னாடியும் நீ தலை குனியக் கூடாதேன்னு, யாருக்கும் தெரியாம சரி பண்றதா நினைப்பு அவளுக்கு. அவ போட்டுட்டுப் போவா, நான் தண்ணி ஊத்துவேன். சில நாள் கூடப் போயிடும், சில நாள் குறைஞ்சிடும். போன ஞாயித்துக்கிழமை ஆளுங்க இருந்ததால என்னால உள்ளயே வர முடியல."

மருமகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மனதுக்குள் மாமியாரை என்னென்ன பெயர் சொல்லித் திட்டியிருந்தாள் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. மாமனார் கரண்டியை அவள் கையில் திணித்துவிட்டு முன்னறைக்குப் போய்ப் பேப்பரை விரித்துவிட்டார்.

ஈரத் தலையோடு வந்த மாமியார் வாசலிலேயே நின்றாள். "நீ எப்போ வந்தே? ஆபீஸ் இல்லை?"

"அரைநாள் லீவு அத்தை."

"உடம்புக்கு ஏதாவதா?"

"எனக்கு ஒண்ணுமில்லை."

'எனக்கு' என்ற சொல் கொஞ்சம் அழுத்தமாக விழுந்துவிட்டது. மாமியாரின் பார்வை சட்டிக்குப் போய், புதிதாகக் கிடந்த உருளைக்கிழங்குத் தோலுக்குப் போய், மருமகள் முகத்துக்கு வந்தது.

மருமகள் ஃப்ரிட்ஜைத் திறந்து கிண்ணத்தை எடுத்தாள். சூடு பண்ணினாள். சட்டியிலிருந்து இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி இரண்டையும் மேடையில் வைத்தாள். ஆபீசில் இப்படிப் பலரை எதிரே உட்காரவைத்திருக்கிறாள். அங்கே இப்படித் தயங்கியதில்லை.

"அத்தை, இந்த ரெண்டுல எதுல உப்பு அதிகம்னு சொல்லுங்க."

மாமியார் ஒரு கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்தாள். மற்றதிலும் குடித்தாள். மறுபடி முதலாவதை எடுத்தாள். குடிக்கக் குடிக்க அவள் முகத்தில் அவசரம் கூடியது. கடைசியில் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

மருமகள் சட்டியிலிருந்து எடுத்த கிண்ணத்தை மட்டும் தள்ளி வைத்தாள். மாமியார் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ போன வாரமெல்லாம்... நானா கெடுத்தேன்?"

"விடுங்க அத்தை."

"அந்தப் பையன் கண் கலங்கினானே, காரம்னு நினைச்சேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை. "நிறையப் போட்டா லேசா ஏதோ தெரியற மாதிரி இருக்கு. அது ருசியா, நினைப்பான்னு எனக்கே தெரியல. வீட்டுல யாருக்கும் தெரியாது. மாமாகிட்ட கூடச் சொல்லல. நீயும் சொல்லக் கூடாது."

மருமகள் முன்னறைப் பக்கம் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டாள். "டாக்டர்கிட்ட போனீங்களா?"

"எந்த டாக்டர்கிட்ட போறது? நம்ம ஊர்ல இருக்கற டாக்டர் எல்லாம் நான் சமைச்சதைச் சாப்பிடறவங்க. சொன்ன மறுநிமிஷம் கரண்டியைப் பிடுங்கிடுவாங்க."

"அங்க எப்படி அத்தை சமாளிக்கறீங்க? உப்பே சேர்க்கக் கூடாத நோயாளிங்கெல்லாம் இருப்பாங்களே."

"அளவு எனக்கு மனப்பாடம். அதுவும் போதலைன்னா ரெண்டாவது ஆளு இருக்கா இல்ல, சிரிப்பக்கா? அவளுக்கு ஒரு கரண்டி ஊத்திக் கொடுத்துட்டு அவ மூஞ்சியைப் பாப்பேன். சிரிச்சான்னா சரின்னு அர்த்தம்."

"அவங்க எப்பவுமே சிரிச்சுக்கிட்டுத்தானே இருப்பாங்க?"

மாமியார் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்குள் எங்கோ போய் மாட்டிக்கொண்டது தெரிந்தது.

சட்டியில் இருந்ததை இருவருமாகக் கீழே கொட்டினார்கள். மிச்சமிருந்த கோழியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தார்கள்.

"நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்றாள் மருமகள். "ருசி நான் பாக்கறேன்."

"ருசி பாத்தா போதாது. அதை எனக்குப் புரியற மாதிரி சொல்லத் தெரியணும் உனக்கு."

அதுவரை யாரும் அவளுக்கு அப்படிச் சமைக்கக் கற்றுக்கொடுத்ததில்லை. மாமியார் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வெங்காயத்தைக் காதால் பார்த்தாள். "இப்போ சளசளன்னு கேக்குதே, அது தண்ணி. அது அடங்கி, மெலிசா பொரியற சத்தம் வரும். அதுவரைக்கும் கை வைக்காதே." சத்தம் மாறியது. "ம். இப்போ பூண்டைப் போடு. வாசனை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா எனக்கு என்ன தெரியும்? பச்சையா, மூக்குல ஏறுதா, இல்லை இனிப்பா மாறிடுச்சா?"

மருமகள் குனிந்து முகர்ந்தாள். "இன்னும் ஏறுது... இருங்க. இப்போ இனிப்பா வருது. கருகப்போற மாதிரி ஒரு ஓரமும் வருது."

"அப்போ கோழியைத் தள்ளு, சீக்கிரம்."

தள்ளினாள். கொஞ்சம் பிந்திவிட்டது. இரண்டு மூன்று பூண்டுத் துண்டு கறுத்துவிட்டது. மாமியார் திரும்பி அதைப் பார்த்து, "என்கிட்ட வர்றதுக்குள்ள செய்தி பழசாயிடுது" என்றாள். அன்றைக்கு முதல் தடவையாக இருவரும் சிரித்தார்கள்.

உப்புக்கு வந்தபோது மருமகள் தயங்கினாள்.

"கொஞ்சமா போடு. குடிச்சுப் பாரு. உப்பு முன்னாடி வந்து நிக்குதா?"

"இல்லை."

"தேட வேண்டியிருக்கா?"

"ஆமா, தேடணும்."

"அப்போ இன்னும் கொஞ்சம். தேடவும் கூடாது, முன்னாடி வந்து நிக்கவும் கூடாது. நான் கேட்டாத்தான் உனக்கு அங்க உப்பு இருக்கறதே ஞாபகம் வரணும்."

மூன்றாவது கரண்டியில் மருமகள் நிமிர்ந்தாள். "இப்போ நீங்க கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது."

மாமியார் தலையை ஆட்டினாள். கரண்டியை வாங்கித் தானும் ஒரு வாய் குடித்தாள். அவள் நாக்கில் அது வெறும் சூடு மட்டும்தான் என்பது மருமகளுக்குத் தெரியும். ஆனாலும் குடித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்பதுபோல் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள்.

மாமியாருக்கு அன்று மாலை வேலை இல்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் கையெல்லாம் கிரீஸோடு வந்து சேர்ந்தான். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன் முதல் கவளத்திலேயே செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

"இன்னிக்கு யார் சமைச்சது?"

பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மாமனார் தண்ணீர் டம்ளரைத் தொடாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான். ஏன்?" என்றாள் மருமகள்.

"இல்லை, சும்மா கேட்டேன்." இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான். "அம்மா, இன்னிக்கு உங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்டைத்தான் பாத்தேன். உன் கூட வேலை பாக்கறாங்களே, சிரிச்சுக்கிட்டே இருப்பாங்களே, அவங்க வந்தாங்க. அம்மா எப்போ வேலையை விடறாங்க, எங்களுக்கெல்லாம் விருந்து உண்டான்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

மாமியாரின் கை தட்டிலேயே நின்றது. "வேலையை விடறேன்னு யார் சொன்னா?"

"அதுதான் எனக்கும் தெரியல. நாக்குக்கு வைத்தியம் பாக்கறாங்களான்னு வேற கேட்டாங்க. உன் நாக்குக்கு என்னம்மா?"

மாமியார் மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். மதியம்தான் வாய் விட்டுச் சொன்ன ரகசியம். அதற்குள் ஊருக்குப் போய்விட்டதா என்று அந்தப் பார்வை கேட்டது. மருமகள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். இத்தனை நாள் தான் யாரைச் சந்தேகப்பட்டாளோ, அவளே தன்னைச் சந்தேகப்படும்போது அது எவ்வளவு சுடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அவளைப் பாக்காதே." மாமனாரின் குரல். "நான்தான் சொன்னேன்."

மாமியாரின் பார்வை அவர் பக்கம் திரும்பியது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மாமியார்.

"சோப்பு வாங்கின நாள்லேர்ந்து தெரியும்."

"தெரிஞ்சு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவகிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்க."

"நீ சொல்லாம வெச்சிருந்தே. நீயா சொல்ற வரைக்கும் இருப்போம்னு பாத்தேன்." அவர் தட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஆனா அங்க சாப்பிடறது நோயாளிங்க. இங்க நீ உப்பைப் போட்டா, பின்னாடியே வந்து நான் தண்ணி ஊத்திடுவேன். அங்க யாரு ஊத்துவா? கொஞ்சம் ருசி பாத்துச் சொல்லும்மான்னு கேக்கத்தான் அவ வீட்டுக்குப் போனேன். வேற எதுக்கும் போகல."

கணவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மருமகள் அவன் கை மேல் கை வைத்து, இப்போது கேட்காதே என்று அழுத்தினாள்.

மாமியார் கத்துவாள் என்று மூவரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். யோசித்துக்கொண்டே வந்தாள்.

"அவ யாருக்கும் சும்மா எதுவும் செய்ய மாட்டா. கூடவே வேலை பாக்கறேன், எனக்குத் தெரியும். என் இடத்து மேல அவளுக்கு எப்பவும் ஒரு கண்ணு. ருசி பாத்துத் தர்றேன்னு ஒத்துக்கிட்டாளே, பதிலுக்கு உங்ககிட்ட என்ன கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல."

கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது பதில்.

"என்னங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. தட்டில் ஒரே ஒரு கவளம் மிச்சமிருந்தது. மாமியார் நாற்காலியை இழுத்து, அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அவசரமில்லை. சாப்பிட்டு முடிங்க. நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன்."

மாமனார் அந்தக் கடைசிக் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். மெல்ல ஆரம்பித்தார். விழுங்கத்தான் மனம் வரவில்லை.